மச்சான் வாயடைத்த லேப்டாப்

என் அக்காவைக் கட்டியவருக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வராது. சிரித்தால் மட்டும், எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரி தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். அது வந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவனும் சிரித்தே ஆகவேண்டும். கல்யாணப் பேச்சுக்காக அவர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கால் உடைந்து மல்லாக்க விழுந்தேன். எல்லோரும் பதறினார்கள். அவர் சிரித்தார். உள்ளே இருந்த அக்கா அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, "எனக்கு இவரே போதும்" என்றாள். அந்தக் கூடத்தில் அது கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

எனக்கு லாரி, கார்களுக்கு வயரிங் பார்க்கிற வேலை. படிப்பு அவ்வளவாக இல்லை. ஆரம்பத்தில் மச்சான் எதையாவது எழுதிக் காட்டுவார்; நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அவருக்குப் பொறுமை போய்விடும், எனக்குக் கோபம் வந்துவிடும். கடைசியில் நான்தான் இறங்கி வந்து கையால் பேசப் பழகினேன். பழகிய பிறகு வாயால் பேசுகிறவர்களைவிட அவரோடுதான் அதிகம் பேசினேன். லாரி ஷெட்டில் இன்ஜின் ஓடும்போது அடித் தொண்டையில் கத்திக் கத்திப் பழகியவனுக்கு, கையை ஆட்டினாலே விஷயம் போய்ச் சேருகிறது என்பது பெரிய நிம்மதி.

மச்சானிடம் யாருக்கும் வாயால் பெயர் கிடையாது, கையில்தான் பெயர். மீசையை முறுக்கினால் நான். முகவாயில் ஒற்றை விரலை வைத்தால் அக்கா, அந்த இடத்தில் அவளுக்கு ஒரு மச்சம். கன்னத்தில் விரலால் குழி போட்டால் அவர்கள் மகள் பாப்பா. தொந்திக்குக் கீழே இறங்கிய பேண்ட்டைத் தூக்கிவிடுகிற மாதிரி காட்டினால் ஆபீஸ் மேனேஜர். அதை மேனேஜர் எதிரிலேயே காட்டுவார்.

"உங்க மச்சான் என்ன சொல்றாரு?" என்று அந்த ஆள் என்னிடம் ஒருமுறை கேட்டார்.

"உங்களைப் பத்தி நல்லவிதமாத்தான் சொல்றாரு சார்" என்றேன்.

ஒருமுறை நான் மீசையை எடுத்துவிட்டுப் போனேன். வாசலை மறித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாருங்க நீங்க? என் மச்சினன் வெளியே போயிருக்கான், வந்ததும் சொல்றேன்" என்று கையால் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். மீசை திரும்ப வளரும்வரை மேலுதட்டைத் துடைக்கிற மாதிரி காட்டித்தான் என்னைக் கூப்பிட்டார்.

அவருக்குப் பார்சல் கம்பெனியில் வேலை. அனுப்புகிறவர் யார், வாங்குகிறவர் யார், எந்தத் தெரு, என்ன எடை என்று காலையிலிருந்து மாலைவரை தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். கம்பெனி ஒரு சமயம் பழைய லேப்டாப்புகளைக் கழித்துக்கட்டி ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னது. மற்றவர்கள் அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். தலையணை பருமன், ஆன் செய்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தாலும் அப்போதுதான் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். மச்சான் மட்டும் அதை மடியில் வைத்து, பஸ்ஸில் இடிபடாமல் கைக்குழந்தை மாதிரி கொண்டுவந்தார். அதிலிருந்ததைத் துடைத்து எடுத்துவிட்டு, ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து, கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டார். லினக்ஸ் என்பதற்கு அவர் கையில் சொல்லே இல்லை. இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு பென்குயின் மாதிரி ஆடி ஆடி நடந்து காட்டுவார். அதன் சின்னம் பென்குயின்தானாம்.

"ஏன் மச்சான், ஊர்ல எல்லாரும் வெச்சிருக்கிறதையே நீங்களும் வெச்சுக்கிட்டா என்ன?" என்று கேட்டேன்.

"அதுல ஏதாவது கோளாறுன்னா சத்தம் போடுமாமே. எனக்கு என்ன தெரியும்? இது அப்படி இல்ல மாப்ளே. எதுவா இருந்தாலும் எழுதிக் காட்டிருது."

உண்மைதான். அந்த லேப்டாப் எழுந்திருக்கும்போது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிவரியாக ஓடும். எனக்கு அது எறும்புச் சாரை. அவர் அதைப் படித்துத் தலையாட்டிக்கொண்டே இருப்பார், எதிரே ஒருவர் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்கிற மாதிரி. கம்பெனி வேலையும் அதே போன்ற கறுப்புத் திரையில்தான் நடக்கும் என்பதால் தினமும் இதையே பையில் போட்டு ஆபீசுக்கு எடுத்துப்போவார், மாலையில் திரும்பக் கொண்டுவருவார். மூடியின் முனை உடைந்தபோது நான்தான் ஷெட்டிலிருந்து தகரத்துண்டு வெட்டிவந்து திருகு போட்டுக் கொடுத்தேன். அது கடைசிவரை அப்படியே இருந்தது.

அப்போது பாப்பாவுக்கு மேஜை உயரம்கூட இல்லை. வாய் திறப்பதற்கு முன்னால் அவளுக்குக் கை பேசியது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததுமே அப்பாவுக்கு வாயும் காதும் அவள்தான் ஆனாள். பேங்க், டாக்டர், வீட்டுக்காரர் எல்லாரிடமும் நடுவில் நிற்பாள். வீட்டுக்காரர் வாடகைக்காகக் கத்தினால், "அப்பா, அங்கிள் வணக்கம் சொல்றாரு" என்பாள். அப்பா கையால் திட்டினால், "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்றாரு அங்கிள்" என்பாள். அந்த வாடகை வீடு கையைவிட்டுப் போகாமல் இருந்ததற்கு இவள் சொன்ன பொய்கள்தான் காரணம்.

வளர்ந்து, அதையே முறையாகப் படித்தும் முடித்தாள். காது கேளாத நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் நடுவே இருந்து பேச, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆள் எடுத்தார்கள். எழுத்துத் தேர்வு முடிந்து, கம்ப்யூட்டர் வழியாக நடக்கிற இன்டர்வியூ ஒரு திங்கட்கிழமை காலை என்று வைத்திருந்தார்கள். அதற்கு முந்தைய ஞாயிறு மதியம் நான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனால், பாப்பா தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மச்சான் ஜன்னலோர மேஜையில் லேப்டாப்பை உடைத்துவிடுகிற வேகத்தில் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பாப்பா, நாளைக்கு இன்டர்வியூ, இன்னைக்கே மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க?"

"ஃப்ரெண்டு லேப்டாப் தர்றேன்னு சொல்லியிருந்தா மாமா. அதுல தண்ணி கொட்டிருச்சாம். இப்பதான் ஃபோன் பண்ணி அழறா."

"அவ எதுக்கு அழறா? நீ ஃபோன்லயே பண்ணிரு."

"ஃபோன்னா சேத்துக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. இடுப்பு வரைக்கும் நான் தெரியணும். அவங்க கையில காட்டுறதை நான் அப்பவே வாயால சொல்லணும், அவங்க சொல்றதைக் கேட்டு அப்பவே கையில காட்டணும். பெரிய ஸ்கிரீன் இல்லாம முடியாது."

"அதான் அப்பா பெட்டி இருக்கே."

"கேமரா வருது மாமா. சத்தம் வரல, மைக்கும் இல்ல. ரெண்டும் உள்ளேயே இருக்கிறதுதான், ஆனா இல்லவே இல்லைங்குது."

மச்சான் என்னைப் பார்த்ததும் திரையைத் திருப்பிக் காட்டினார். சத்தத்துக்கான இடத்தில் 'டம்மி' என்று போட்டிருந்தது. அந்த ஒரு சொல் எனக்கே படிக்க வந்தது.

"இந்தப் பெட்டிக்கும் காது இல்லையாம், வாய் இல்லையாம். சரியான ஆள்கிட்டதான் வந்து சேந்திருக்கு" என்று கையால் சொன்னார். ஆனால் அந்தக் கீல் சத்தம் வரவில்லை. மகள் முகத்தைப் பார்க்காமலே திரும்பிக்கொண்டார்.

பிறகு அவர் செய்ததை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். உள்ளே இருக்கிற சாமான்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆஜர் எடுக்கிற மாதிரி ஒரு கட்டளை இருக்கிறது. கேமரா ஆஜர். நெட் பிடிக்கிற சாமான் ஆஜர். படம் காட்டுகிறது ஆஜர். சத்தம் போடுகிற சாமான் மட்டும் வரிசையிலேயே இல்லை. புது லினக்ஸ் இந்தக் கிழட்டுப் பெட்டிக்கு ஒத்துவரவில்லையோ என்று சந்தேகப்பட்டு, உள்ளேயே இருந்த பழைய லினக்ஸில் எழுப்பிப் பார்த்தார். அப்போதும் இல்லை. பென்டிரைவில் வேறொரு லினக்ஸை வைத்து எழுப்பினார். அதுவும் கைவிரித்தது.

"மூணும் ஒரே பதிலைச் சொல்லுது. அப்போ தப்பு பென்குயின்கிட்ட இல்ல மாப்ளே, பெட்டிகிட்ட" என்றார்.

லினக்ஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்கிற இடம் ஒன்று நெட்டில் உண்டு. அவர் அங்கே பழைய ஆள். கேள்வி போட்டுக் கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ ஒருவர் பதில் எழுதினார். பாப்பா அதைப் படித்துச் சொன்னாள்: "நண்பரே, முதலில் இதைச் சொல்லுங்கள். ஆன் செய்யும்போது பீப் என்று ஏதாவது உங்களுக்குக் கேட்கிறதா?"

மச்சான் எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு தட்டினார்: "வீட்டில் விசாரித்துச் சொல்கிறேன்."

"அம்மா, பெட்டியை ஆன் பண்றப்போ ஏதாவது சத்தம் வருதான்னு கேக்கறாங்க" என்று பாப்பா குரல் கொடுத்தாள்.

"வரல" என்றாள் அக்கா. சமையலறை வாசலில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு நின்றாள். அதில் சொட்டுத் தண்ணீர்கூட மிச்சமில்லை, ஆனாலும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

வெளியே மாட்டுகிற மைக், ஸ்பீக்கர் ஏதாவது வாங்கிவரலாம் என்று வண்டியை எடுத்தேன். கடைத்தெரு முழுக்க ஷட்டர். ஞாயிற்றுக்கிழமை. ஒரு கடைக்காரன் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். அண்ணே, தம்பி என்று கெஞ்சிப் பார்த்தேன். சாவி முதலாளியிடம், முதலாளி வெளியூரில், நாளை பத்தரைக்குத்தான் திறப்போம் என்றான். இன்டர்வியூவே ஒன்பதரைக்கு. அவனை நாலு வார்த்தை திட்டிவிட்டுத் திரும்பினேன். அவன் என்ன பண்ணுவான் பாவம்.

வந்து பார்த்தால் மச்சான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டிருந்தார். என் சுபாவத்துக்கு அது பொறுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க மச்சான். ஹார்ன் அடிக்கலைன்னு வண்டி வந்தா நான் எடுத்தவுடனே ஹார்னைக் கழட்ட மாட்டேன். எவனாவது ஃபியூசைப் பிடுங்கி வெச்சிருக்கானான்னுதான் பாப்பேன். சில டிரைவருங்க சத்தம் தொல்லைன்னு அவங்களே பிடுங்கிப் போட்டுட்டு மறந்துருவாங்க. அப்புறம் எங்கிட்ட வந்து, ஹார்ன் செத்துப்போச்சும்பாங்க."

வாயாலும் கையாலும் ஒன்றாகச் சொன்னேன். மச்சான் அதெல்லாம் இல்லை என்று தலையாட்டினார். பின்னால் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

"தம்பி" என்றாள் அக்கா. "அது முன்னாடி கத்திக்கிட்டுதான் இருந்துச்சு."

திரும்பிப் பார்த்தேன். அவள் மச்சானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். அந்த வீட்டில் ரகசியம் பேசக் குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. திரும்பி நின்றால் போதும்.

"பாப்பா சின்னப் பிள்ளையா இருந்தப்போ, இவரு ஏதாவது தப்பாத் தட்டினா 'பீப்'னு ஒண்ணு கத்தும். வீட்லயும் கத்தும், ஆபீஸ்லயும் கத்தும். இவருக்குத் தெரியாதில்ல. ஆபீஸ்ல ஒவ்வொரு தடவை கத்தறப்பவும் பக்கத்து சீட்டுக்காரனுங்க ஒருத்தனை ஒருத்தன் பாத்துச் சிரிப்பானுங்களாம். இவரு நம்மளப் பாத்துத்தான் சிநேகமா சிரிக்கிறாங்கன்னு நெனச்சுத் திரும்பச் சிரிச்சிருக்காரு."

"எவ்வளவு நாளா?"

"மாசக்கணக்கா. ஒருநாள் வெளியிலேருந்து பெரிய ஆளுங்க வந்திருந்தப்போ கத்தியிருக்கு. மேனேஜர் ஓடிவந்து எல்லார் முன்னாடியும் மூடியைப் படார்னு சாத்தி, காதைப் பொத்திக் காட்டினானாம். அன்னைக்குத்தான் இவருக்கு விஷயமே தெரிஞ்சுது. சாயந்திரம் வந்தவரு சாப்பிடல. அந்தப் பெட்டியைத் திறந்து என்னமோ பண்ணாரு. என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு, மறுபடி மறுபடி தட்டி, 'இப்போ கத்துதா, இப்போ கத்துதா'ன்னு கேட்டாரு. இல்லைன்னேன். அப்புறம் கேட்டாரு, 'இத்தனை நாளா உனக்குக் கேட்டுச்சா?'ன்னு. கேட்டுச்சுன்னேன். பொய் சொல்ல வரல தம்பி."

மச்சான் கோபப்பட்டால் கத்தமாட்டார், கையை வீசமாட்டார். கண்ணை மூடிக்கொள்வார். அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. அந்த முறை அக்காவைப் பார்த்தாலே மூடிக்கொள்வது நாட்கணக்கில் நடந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று அக்கா சொல்ல வரும்போதெல்லாம் மூடிக்கொண்டார். பிறகு எப்படியோ தானாகச் சரியாகிவிட்டது. அந்தப் பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவே இல்லை.

"அம்மா, இதைப் போய் இவ்வளவு நேரம் சொல்லாம நின்னீங்களா?" பாப்பாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"எப்படிடி சொல்றது? உன்னோட வேலைக்காக அவரோட மானத்தை எடுத்து மேஜையில போடவா?"

"நான் சொல்லிக்கறேன், நகருங்க."

"நீ சொன்னா மாத்திச் சொல்லுவ. நானே சொல்றேன்."

அக்கா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் அவர் தோளைத் தொட்டாள். பெட்டி கத்துகிறதைச் சொல்ல, கையை வாய் திறந்து மூடுகிற மாதிரி காட்டினாள்; பிறகு ஆபீஸ், மேனேஜர், மூடியைப் படார் என்று சாத்தியது. அவ்வளவுதான், மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருஷம் கழித்தும் அப்படியே.

அக்கா நகரவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் பாப்பாவும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றோம். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. கடைசியில் அவர் கண்ணைத் திறந்தார். அக்காவை அல்ல, மகளைப் பார்த்தார்.

"அது வேற, இது வேற" என்றார் கையால். "நான் அடைச்சது அந்தக் கத்தலை மட்டும். பேச்சை இல்ல."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஒரு நாளும் எதையும் கேட்டிராத மனிதர். கத்தல் ஒரு சாமான், பேச்சு ஒரு சாமான், பாட்டு இன்னொரு சாமான் என்று தனித்தனியாக உள்ளே இருக்கிறது என்றே இத்தனை நாள் நினைத்திருக்கிறார். கண்ணுக்குக் கேமரா, கைக்குக் கீபோர்டு என்று இருக்கும்போது இதுவும் அப்படித்தானே இருக்கவேண்டும்?

பாப்பா அவர் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். "இல்லப்பா. கத்துறது, பேசறது, பாடறது, எல்லாம் ஒரே வாய்லதான் வருது. அம்மா திட்டறதும் கொஞ்சறதும் ஒரே வாய்தானே?"

அவர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்தார் என நினைக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை. பெட்டியை நிமிர்த்திவைத்து ஆன் செய்தார்.

லினக்ஸ் வருவதற்கு முன்னாலேயே ஒரு பட்டனைத் தட்டி உள்ளே போனார். பெட்டியின் அடிவயிறு மாதிரி ஒரு நீலத்திரை. லினக்ஸுக்கு என்னென்ன கண்ணில் காட்டலாம், எதை மறைக்கலாம் என்பது அங்கேதான் முடிவாகுமாம். அங்கே மறைத்தால், எந்த லினக்ஸ் வந்து தேடினாலும் இல்லை என்றுதான் சொல்லும். வரிசையாகக் கட்டங்கள். எல்லாவற்றிலும் டிக். ஒன்றே ஒன்று மட்டும் காலி.

மச்சான் அந்தக் காலிக் கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினார். "நான் பிடுங்கின ஃபியூஸ்தான் மாப்ளே" என்று என்னிடம் சொல்லிவிட்டு டிக் போட்டார்.

இந்த முறை ஆஜர் எடுத்தபோது ஒரு வரி கூடியிருந்தது. பாப்பா என் தோளில் அடித்த அடி மறுநாள்வரை வலித்தது. ஆனால் சத்தத்தைச் சோதிக்கிற எதையோ ஓடவிட்டுப் பார்த்தால் சத்தம் இல்லை. மச்சான் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு எங்களைப் பார்க்கிறார், வருதா? நாங்கள் மூன்று பேரும் உதட்டைப் பிதுக்குகிறோம். கறுப்புத் திரையில் சத்தத்தின் அளவைக் காட்டும் கம்பங்கள் நின்றன. எல்லாவற்றையும் உச்சிவரை ஏற்றினார். வருதா? இல்லை. கம்பங்களின் காலடியில் 'எம்' என்று ஒரு எழுத்து இருந்ததை அப்போதுதான் பாப்பா பார்த்தாள். "அப்பா, இது மியூட். வாய்ல இன்னும் துணி அடைச்சிருக்கு, அதை எடுங்க." அவர் அந்த 'எம்'மைத் தட்டினார்.

மழையும் லாரியும் ஒன்றாக வீட்டுக்குள் புகுந்த மாதிரி ஒரு இரைச்சல். கம்பம் உச்சியில் அல்லவா இருந்தது! அக்கா கையிலிருந்த கரண்டி பறந்தது. நான் காதைப் பொத்தினேன். மச்சான் தேள் கொட்டியவர் மாதிரி பெட்டியிலிருந்து கையை எடுத்தார், திரும்ப வைத்தார், மறுபடி எடுத்தார். அப்புறம் அந்தக் கீல் கிறீச்சிட்டது. அடக்க முடியாமல் சிரித்தார்.

மைக்கைச் சோதிக்கப் பாப்பா ஏதோ ஒன்றைத் திறந்தாள். பேசினால் திரையில் அலை அலையாகக் கோடு வரும். "அப்பா" என்றாள். ஒரு சின்ன மேடு, அதன் பின்னால் இன்னொரு மேடு. மச்சான் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தார்.

"இன்னொரு தடவை சொல்லு."

"அப்பா."

மறுபடியும் அதே இரண்டு மேடு. முதல் வரியையும் இரண்டாவது வரியையும் விரலால் ஒப்பிட்டுப் பார்த்தார். இருபத்துச் சொச்சம் வருஷமாக அவள் உதட்டில் மட்டும் பார்த்த சொல். அதற்குப் பிறகு அக்காவை இழுத்து முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொன்னார். "என்னத்தைப் பேசறது இந்த மனுஷன்கிட்ட" என்றாள். கோடு திரையின் மேல் விளிம்பில் போய் இடித்தது.

"நெனச்சேன்" என்றார் மச்சான் என்னைப் பார்த்து. என்னைப் பேசச் சொல்லிவிட்டு, வந்த கோட்டைப் பார்த்து, லாரி ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி கையைக் காட்டினார்.

டீ குடித்து முடித்த பிறகு அவர் வேண்டுமென்றே ஒரு தப்பான பட்டனைத் தட்டினார். பீப். அக்காவைப் பார்த்தார்.

"இதுதானா?"

"இதேதான்."

"ஏன் சொல்லல?"

இந்த முறை கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். அக்கா கையால் சொன்னாள். அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக.

"நான் அடுப்படியில இருப்பேன். நீங்க இங்க இருப்பீங்க. பாப்பா தூங்கிருவா. வீடு அப்படியே செத்துக்கிடக்கும். அப்போ இது ஒண்ணு கத்தும். சரி, இங்கதான் இருக்காருன்னு வேலையைப் பாப்பேன். சொன்னா நிறுத்திருவீங்கன்னுதான் சொல்லல."

மச்சான் எழுந்து போய்க் கீழே கிடந்த கரண்டியை எடுத்துக் கழுவி வைத்தார்.

மறுநாள் காலை பாப்பா உள்ளே இன்டர்வியூவில் இருக்க, நானும் அக்காவும் சமையலறையில் பாத்திரத்தைத் தொடாமல் நின்றோம். தெருச் சத்தம் உள்ளே வராமல் பார்த்துக்கொள்கிற பொறுப்பு மச்சானுடையது. எது சத்தம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வாய் திறந்தவன் எல்லாம் அவருக்குக் குற்றவாளி. காய்காரரை முனையிலேயே திருப்பி அனுப்பினார். பந்து விளையாடிய பிள்ளைகளை உட்காரவைத்தார். எதிர்வீட்டுப் பெரியவர் கொட்டாவி விட்டதற்கு ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினார். அந்த நேரத்தில் பின்னாலேயே ஒருவன் இரும்புக்கம்பி ஏற்றிய வண்டியைக் கடகடவென்று தள்ளிக்கொண்டு போனான். அவன் வாயை மூடியிருந்ததால் மச்சான் அவனுக்கு மரியாதையாக வழிவிட்டார்.

அப்படியும் வேலை கிடைத்துவிட்டது. பாப்பா அந்த ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்குப் போனாள். கொஞ்ச காலம் கழித்து பார்சல் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனதும், மச்சானும் அக்காவும் அங்கேயே போய்விட்டார்கள். லேப்டாப்பைப் பஸ்ஸில் மடியில் வைத்துத்தான் கொண்டுபோனார். போகும்போது என் மீசையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுப் போனார். அந்த ஜன்னலோர மேஜை இருந்த அறையில் இப்போது யாரோ தையல் மெஷின் போட்டிருக்கிறார்கள். வேலை முடிந்து அந்தப் பக்கமாக வருகிறபோது வண்டி தானாக அங்கே மெதுவாகிறது. ஷெட்டில் நான் சில சமயம் பேச்சை விட்டுவிட்டுக் கையால் சொல்ல ஆரம்பித்துவிடுகிறேன். கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

அக்காவோடு ஃபோனில்தான் பேச்சு. போன வாரமும் பேசிக்கொண்டிருந்தோம். அவளுடைய முட்டிவலி, என்னுடைய சர்க்கரை, பாப்பாவுக்கு அங்கே எல்லாரும் கொடுக்கிற மரியாதை. நடுவில், பின்னாலிருந்து கேட்டது. பீப். கொஞ்சம் விட்டு, பீப். பீப்.

"என்னக்கா, மச்சான் இவ்வளவு தப்பாத் தட்டறாரு? வயசாயிருச்சா?"

"தப்பாவும் இல்ல ஒண்ணும் இல்ல. முன்னெல்லாம் என்னைக் கூப்பிடணும்னா தரையில காலால உதைப்பாரு, இல்ல எதையாவது தூக்கி எறிவாரு. இப்போ இதை வெச்சே வேலை வாங்கறாரு. டீ கேக்கறாரு, இரு."

ஃபோனை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கேட்கவே முடியாத அந்த மனிதருக்கு அவள் அங்கிருந்தே உரக்கப் பதில் சொன்னாள்:

"வர்றேன் வர்றேன், எதுக்கு இப்படிக் கத்தறீங்க?"